போனது திரும்பி வருகிறது

விஜேவிக்கிரம மாத்தயா போனில் சொன்னார்:
“பாஸ், போனது திரும்பி வருகிறது.”
கட்டாரில் மூன்று வருஷம் குழாய்வேலை பார்த்தவன் நான்.
அங்கே யாரும் இப்படி ஒரு முறைப்பாடு சொன்னதில்லை.

காசல்ரீயில் நிற்கிறது படகு.
திருகோணமலையில் பழசானதை லொறியில் ஏற்றி
கினிகத்தேனை வளைவுகளில்
பாய்மரத்தைத் தனியே படுக்கப்போட்டுக்
கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்,
தேயிலைக்கு நடுவே பாய் விரிக்க.
இங்கத்தைய காற்று மலைக்கு மலை மனம் மாறும்.
பாதி நாள் இஞ்சினில்தான் ஓடுகிறது என்றான்
படகுக்காரன் லால்சிறி.

கக்கூஸ் முன்மூலையில், ஓர் அலுமாரி அளவு.
உள்ளே போனால் திரும்ப முடியாது.
எப்படி உட்கார வேண்டுமென்று
வெளியிலேயே முடிவெடுத்துப் பின்பக்கமாகப் போகவேண்டும்.
கோப்பைக்குப் பக்கத்தில் கைப்பம்பு.
சின்னதாய் ஒரு பிடி:
இந்தப் பக்கம் தள்ளினால் ஏரித்தண்ணீர் உள்ளே வரும்,
அந்தப் பக்கம் தள்ளினால் வெறும் உறிஞ்சல்.
சுவரில் மூன்று மொழியில் அறிவித்தல்.
தமிழில் மட்டும் இரண்டு எழுத்தைக் காணோம்,
அதனால் அது சாப்பிடச் சொல்லியது.

முதலில் அடித்தட்டு வால்வை மூடினேன்.
ஏரி உள்ளே வர இனி வழியில்லை.
கோப்பை காயும்வரை பம்பினேன்.
பென்சிலால் ஒரு கோடு.
காத்திருந்தோம். லால்சிறி பீடி பற்றவைத்தான்.
நோர்வூட் பக்கமிருந்து மழை
தண்ணீர்மேல் நடந்து வந்து எங்கள் தலைக்குமேல் நின்றது.

கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை.
தெளிந்த தண்ணீரென்றால் ஏரியில் குற்றம்.
இது தெளிந்ததில்லை.
டோர்ச் தேவைப்படவில்லை, மூக்கே சொல்லிவிட்டது:
குற்றம் வெளியே போகும் வழியில்.

கழற்றினேன். எதைக் கழற்றினேன் எப்படிக் கழற்றினேன் என்பதை
சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பவர்களுக்காக விடுகிறேன்.
கடைசியில் கைக்கு வந்தது
மீன்வாய் மாதிரி ஒரு ரப்பர்.
உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்,
வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும்,
அதுதான் அதன் ஒரே உத்தியோகம்.
இந்த வாய் மூடவில்லை.
பேசிப் பேசித் தளர்ந்த உதடு.

குழாயைப் படிக்கட்டில் அடித்தேன்.
வெள்ளை வெள்ளையாய்க் கல் உதிர்ந்தது.
மழைத்தண்ணீர் ஏரியில் உப்பேது?
கிழக்குக் கடலும் முகம் தெரியாதவர்களின் மூத்திரமும்
வருஷக்கணக்காய்ச் சேர்ந்து இறுகியிருக்கிறது.
கடலை நான் விமானத்திலிருந்து ஒருமுறை பார்த்தேன்,
இறக்கைக்குக் கீழே, இரவில், கறுப்பாக.
மூவாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில்
இப்போது அது என் உள்ளங்கையில்.
முகர்ந்தேன்.
முகர்ந்திருக்கக் கூடாது.

புது ரப்பர் சிங்கப்பூரிலிருந்து வர மூன்று கிழமை.
விருந்தாளிகள் வர இரண்டு நாள்.
அட்டனில் சைக்கிள் கடை சேகப்பனிடம்
பழைய டியூப் ஒரு முழம் வாங்கி
தையல் கத்தரியால் வாய் வெட்டினேன்.
நாலாவது வாய்தான் மூடியது.
குழாயை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்தேன்.
பம்பின் தண்டுக்கு நல்லெண்ணெய்.
தேங்காயெண்ணெய் இந்தக் குளிரில் கட்டிப்போகும்,
கட்டாரில் படித்த பாடம் இங்கே செல்லாது.

ஏரிக்குள் திறக்கும் வழியைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.
அதன்மேல் இன்னொரு முறுக்கு போட்டேன்.
கீழே நோட்டன்பிரிட்ஜில் என் மகள் குடியிருக்கிறாள்.

வெறும் தண்ணீரில் சோதித்தால் போதாது என்றான் லால்சிறி.
என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.
அவன் காலையிலேயே போய்விட்டானாம்.

எங்கள் லயத்தில் பதினொரு வீட்டுக்கு இரண்டு கதவு.
உள்ளே இருப்பவர் இருமவேண்டும்,
வெளியே நிற்பவர் வாளியை நிலத்தில் வைத்துச் சத்தம் காட்டவேண்டும்.
இங்கே யாரும் வாளி வைக்கவில்லை.
வட்டக் கண்ணாடியில் மூடுபனி,
அதற்குள் எங்கோ கொழுந்து நிறுக்கும் சத்தம்.

பிறகு எண்ணி இருபது முறை பம்பினேன்.
இருபத்தொன்று.
பென்சில் கோடு காய்ந்தே இருந்தது.
பத்து நிமிஷம். இருபது.
“ஹரியா பாஸ்?” மேலிருந்து லால்சிறி.
“இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்றேன்,
கதவைத் திறக்காமல்.